கைபேசியும் ஒரு வீடுதான்

2022 ஜனவரி 1 அன்று 'புல்லி பாய்' என்ற செயலியில் முஸ்லிம் பெண்கள் பலரின் படங்கள் 'ஏலம்' என்று போடப்பட்டன. அவை சமூக ஊடகங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. குற்றம் எடுத்தவர்கள் மீதே. படத்தைப் பகிர்ந்த பெண்கள் மீதல்ல.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்க்கமும் பிறர் வீட்டில் அனுமதியின்றி நுழைவதையும் (24:27), துருவிப் பார்ப்பதையும் (49:12) தடுக்கிறது.

வாட்ஸ்அப் செய்தியை இடையில் எவரும் படிக்க முடியாது. ஆனால், வளைகுடாவில் உள்ள உறவினருக்கு அனுப்பிய படத்தை அவர் வேறு குழுவில் போட்டால் அந்தப் பூட்டு பயன்படாது. ஆகவே:

* பிரைவசி பகுதியில் முகப்புப் படத்தைத் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்குமாறு மாற்றுங்கள். குழுவில் சேர்க்கும் அனுமதியையும் அப்படியே.
* இரண்டடுக்குச் சரிபார்ப்பில் 6 இலக்க எண் வையுங்கள்.
* ஓடிபியை எவருக்கும் சொல்லாதீர்கள்.
* 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் அறியாத கருவி இருந்தால் நீக்குங்கள்.
* பிறர் படத்தை அவர் அனுமதியின்றி அனுப்பாதீர்கள்.

பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழையுங்கள். படம் தவறாகப் பயன்பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். வீட்டுப் பிள்ளை அழுதுகொண்டு வந்து சொன்னால் திட்டாதீர்கள்; திட்டினால் அடுத்த முறை நம்மிடம் சொல்லமாட்டாள்.