பச்சோந்தியின் மேல் விழுந்த பழி

நேயர்களே, கொள்கையில் நிலையில்லாதவனைப் 'பச்சோந்தி' என்று ஏசுவது நம் வழக்கம். அவ்வேச்சுக்கு அடிப்படையான எண்ணம் மெய்தானா என்பதையே இன்று ஆராய விரும்புகிறேன்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், இப்பிராணியைக் கூர்ந்து நோக்கி, அதன் கண்கள் எத்திசையும் சுழல்வதையும், மேனி நிறம் மாறுவதையும் எழுதிவைத்தார். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரிப் பிளினி இரண்டு செய்திகளைக் கூறினார். பச்சோந்திக்குக் காற்றே உணவு என்பது ஒன்று. சிவப்பும் வெண்மையும் நீங்கலாக, தான் தொட்ட பொருளின் நிறத்தையே அது அடையும் என்பது மற்றொன்று. அவர்பால் கொண்ட மதிப்பால், அவ்விரண்டும் பல நூற்றாண்டுகள் நிலைத்துவிட்டன.

முதற் செய்தி முதலில் வீழ்ந்தது. 1646ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் தாமஸ் பிரௌன், காற்றை உண்ணும் உயிருக்கு இரைப்பையும் குடலும் எதற்கு என்று வினவினார். அதன் வயிற்றை அறுத்துப் பார்த்தவர்கள் பூச்சிகளைக் கண்டதையும் எடுத்துக்காட்டினார். உடலினும் நீண்ட நாக்கை நொடிப்பொழுதில் வீசி இரை கவரும் வேடனையன்றோ காற்றுண்ணி என்று உலகம் நம்பியிருந்தது!

இரண்டாம் செய்திக்கு ஆயுள் மிகுதி. தென் ஆப்பிரிக்கக் குள்ளப் பச்சோந்திகளை ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் வெளியான முடிவு, அந்த இனங்களில் நிறமாற்றம் பெருகியதற்கு முதற் காரணம் ஒளிந்துகொள்ளுதல் அன்று, தம்மினத்தோடு உரையாடுதலே என்று காட்டியது. போட்டியாளனை மிரட்டவும், துணையைக் கவரவும் அவை நிறத்தையே மொழியாகக் கொள்கின்றன. குளிர்ந்த காலையில் மேனியைக் கருமையாக்கி வெயிலின் வெப்பத்தை ஏற்பதும் உண்டு.

மாற்றம் நிகழும் விதத்தை 2015ஆம் ஆண்டில் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் விளக்கினர். மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியின் தோலில் நுண்ணிய படிகங்கள் அடுக்கப்பட்டுள்ளன. அமைதியான வேளையில் அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்புகின்றன. அது தோலின் மஞ்சள் நிறமியோடு சேர்ந்து பச்சையாகத் தோன்றுகிறது. சினமோ கிளர்ச்சியோ எழுந்தால் படிகங்கள் விலகுகின்றன. மேனி மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் ஒளிர்கிறது.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பச்சோந்தியினம் 1768ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானப் பெயர் பெற்றுவிட்டது. ஆயினும் பழி நீங்கவில்லை. கொள்கை மாறுபவன் தன் உள்ளத்தை மறைப்பதற்காக நிறம் மாறுகிறான்; பச்சோந்தியோ தன் உள்நிலையை மேனியிலேயே வெளியிடுகிறது. அவனுக்கு இதன் பெயரைச் சூட்டுவது முறையாகுமா என்பதை நேயர்களே சீர்தூக்கிப் பாருங்கள்.