பல மருந்து, பல வாசல்: காடாம்புலியூர் வட்டாரத்தில் மருந்து இடைவினையைக் கையாளும் வழி

காடாம்புலியூர் பண்ருட்டி வட்டத்தில், முந்திரியும் பலாவும் விளையும் செம்மண் பூமியில் இருக்கிறது. இங்கே அறுபது வயதைக் கடந்த ஒருவருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி மூன்றும் இருந்தால் அவருடைய மாத்திரைகள் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்டத்தின் வழியே வீட்டுக்கே வந்துவிடுகின்றன. குடும்பத்தில் யாராவது நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் நிரந்தரப் பணியில் இருந்தால் அந்நிறுவன மருத்துவமனையின் சீட்டு ஒன்று சேரும். நெஞ்சுவலி என்றால் புதுச்சேரி ஜிப்மர். மூட்டுக்குப் பண்ருட்டியில் தனியார் மருத்துவர். காய்ச்சல், சளிக்குத் தெருமுனை மெடிக்கலில் ‘ஒரு செட் மாத்திரை’. ஒவ்வொரு சீட்டையும் தனியாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் குறை சொல்ல முடியாது. எல்லாம் ஒரே வயிற்றில் சேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மருத்துவர்களுக்கு, ஒரு மருந்து இன்னொன்றின் செயலை மாற்றும் இடைவினை பற்றிய அறிவு போதவில்லை என்பது வழக்கமான விளக்கம். அதில் உண்மை இருக்கலாம்; ஆனால் சிக்கலின் வேர் அங்கே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம். நோயாளி விழுங்கும் எல்லா மாத்திரைகளையும் ஒருசேரப் பார்க்கும் ஆள் நம் அமைப்பில் யாரும் இல்லை. அவை ஒன்றாகக் கிடக்கும் ஒரே இடம் அவர் வீடு. அந்த வீட்டுக்குள் முறையாகப் போய்வரும் சுகாதாரப் பணியாளர், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர். மருந்துச் சரிபார்ப்பை அவர் கையிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் வலி மாத்திரை. முந்திரி உடைக்கும் பெண்கள் மணிக்கணக்கில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். முட்டியும் இடுப்பும் பிடித்துக்கொள்ள, டைக்ளோஃபெனாக் அவர்களுக்குப் பழக்கமாகிவிடுகிறது. அவர்களில் ஒருவர் பிரஷருக்கு எனலாப்ரிலும் நீர் மாத்திரையும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். எனலாப்ரில், சிறுநீரகத்தின் வடிகட்டும் முடிச்சிலிருந்து இரத்தம் வெளியேறும் நாளத்தைத் தளர்த்துகிறது. வலி மாத்திரை, இரத்தம் உள்ளே வரும் நாளத்தை விரியவிடாமல் செய்கிறது. நீர் மாத்திரை மொத்த இரத்த அளவையே குறைக்கிறது. வடிகட்டத் தேவையான அழுத்தம் மூன்று வகையிலும் விழுகிறது. பிரிட்டனில் ஏறத்தாழ 4.87 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2013இல் வெளியான ஆய்வு, இத்தகைய இரண்டு மருந்துகளோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 31 விழுக்காடு கூடுவதையும், முதல் 30 நாளில் அது 82 விழுக்காடாக இருப்பதையும் காட்டியது. சித்திரை வெயிலில் வியர்த்து, குடிக்கும் தண்ணீரும் குறைந்த உடம்புக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுமென எதிர்பார்க்கவே காரணம் இருக்கிறது.

இரண்டாவது, அதிகம் பேசப்படாதது: ஒரு மருந்தை நிறுத்துவதால் வரும் இடைவினை. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, மற்ற மருந்துகளை வேகமாகச் சிதைக்க வைக்கிறது. சர்க்கரை மாத்திரையான கிளிமெபிரைடு இரத்தத்தில் சேரும் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நிஃபெடிபின் போன்ற பிரஷர் மாத்திரைகளும் வலுவிழக்கின்றன. சர்க்கரை ஏறுகிறது, மருத்துவர் அளவைக் கூட்டுகிறார், அதுவரை சரி. ஆறு மாதம் முடிந்து காசநோய் மருந்து நின்றதும், இரண்டு வாரத்தில் நொதிகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. கூட்டிய கிளிமெபிரைடு மட்டும் அப்படியே தொடர்கிறது. ‘நோய் குணமாகிவிட்டது’ என்று வீடே நிம்மதி அடையும் நேரத்தில், விடியற்காலையில் வியர்த்து மயங்கும் தாழ்சர்க்கரை அவரைப் பிடிக்கிறது. காசநோய்க்கு நிக்‌ஷய் என்ற இணையப் பதிவுத் தளம், சர்க்கரைக்கு வேறு பதிவேடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை.

செட் மாத்திரையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சிறு காகித உறையில் நான்கைந்து மாத்திரைகள் இருக்கும்: ஒரு பாராசிட்டமால், ஒரு வலி மாத்திரை, சளிக்கு ஒன்று, பல நேரம் ஓர் ஆன்டிபயாடிக்கும். உறையில் எந்தப் பெயரும் கிடையாது. வேளை மட்டும் பேனாவால் குறித்திருக்கும். அட்டையிலிருந்து கத்தரியால் வெட்டும்போது பெயரும் காலாவதி தேதியும் அச்சான பகுதி கடையிலேயே நின்றுவிடுகிறது. 2023 ஆகஸ்ட் முதல் 300 மருந்து வணிகப் பெயர்களுக்குக் கட்டாயமான கியூஆர் குறியீட்டால் இந்த உறைக்கு ஒரு பயனும் இல்லை. அந்த ஆன்டிபயாடிக் கோட்ரைமாக்சசோலாக இருந்தால்? தாழ்சர்க்கரையால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை எடுத்துவந்த முதியவர்கள், அதற்கு முந்தைய வாரம் கோட்ரைமாக்சசோல் எடுத்திருக்கும் வாய்ப்பு ஆறு மடங்குக்கும் மேல் என்று 2003இல் கனடாவின் ஒன்டாரியோ ஆய்வு கண்டது.

மருந்துச்சீட்டு எழுதும்போது கணினி தரும் எச்சரிக்கை இந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை மருத்துவர்கள் புறந்தள்ளுகிறார்கள் என்று 2006இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. அதைவிட முக்கியம், கணினிக்குள் வராத மருந்தை அது எச்சரிக்க முடியாது என்பது.

தன்னார்வலர் மருந்தியல் படித்தவர் இல்லையே என்ற மறுப்புக்கு எடை உண்டு. ஆனால் முடிவெடுக்கும் பொறுப்பை அவருக்குத் தர வேண்டியதில்லை. வீட்டிலுள்ள அட்டை, உறை, கஷாயப் பொடி, சிறுகுறிஞ்சான் சூரணம் எதையும் விடாமல் ஒரு தாளில் எழுதுவதும், ஒன்றாகச் சேரக்கூடாத ஆறேழு மருந்து இணைகளுள் ஒன்று கண்ணில் பட்டால் அன்றே தகவல் சொல்வதும் அவர் பணி. தாளைப் படித்துக் கேள்வி எழுப்புவது ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநரின் வேலை. மாற்றுவது மருத்துவரின் வேலை. பெயர் வேறு, மருந்து ஒன்று என்ற இரட்டிப்பு முதல் பார்வையிலேயே பிடிபடும்: அரசு தந்த மெட்ஃபார்மினும், தனியார் சீட்டின் கூட்டு மாத்திரைக்குள் இருக்கும் மெட்ஃபார்மினும். ஆஸ்திரேலியா 2001 முதல் மருந்தாளுநரையே வீட்டுக்கு அனுப்பி இத்தகைய மருந்துச் சரிபார்ப்பைச் செய்கிறது. நமக்கு அத்தனை மருந்தாளுநர் பணியிடங்கள் கிடையாது. ஆனால் வீடுவரை போகும் கால்கள் இருக்கின்றன. வீட்டை நம்பலாம் என்பதை இந்த மாநிலம் முன்பே நிறுவியிருக்கிறது: 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே எடுத்த சிகிச்சை சானடோரியச் சிகிச்சைக்குச் சளைத்ததில்லை என்று 1959இல் காட்டி, உலகின் காசநோய்க் கொள்கையையே மாற்றியது.

ஊக்கத்தொகைக்கு உழைக்கும் பெண்கள்மேல் கூலியில்லாமல் இன்னொரு பணியைச் சுமத்துவது நியாயமாகாது. ஒவ்வொரு தாளுக்கும் தனித் தொகை வேண்டும். காசநோய் மருந்து முடியும் தேதியும், அதற்கு இரண்டு வாரம் கழித்துச் சர்க்கரை பார்க்க வேண்டிய தேதியும் அத்தாளில் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும். செட் விற்பனை சட்டப்படியே தவறு. அது நிற்கும்வரையாவது, உறையின்மேல் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் எழுதித் தருமாறு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளைப் பணிக்கலாம். 2015ஆம் ஆண்டின் மருந்தகப் பணி விதிமுறைகள் நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்வதை மருந்தாளுநரின் கடமையாகவே வைத்திருப்பதால், இதற்குப் புதுச் சட்டம் தேவைப்படாது.