நெட்டித் தொப்பியும் கொயினாவும்

சற்று நீண்ட பதிவு. ஓய்வாக இருக்கும்போது வாசிக்கலாம்.

சென்ற மாதம் அபர்தீன் படகுத்துறையிலிருந்து ராஸ் தீவுக்குப் போகும் படகில், முழுக்கைச் சட்டையும் கழுத்துவரை சுற்றிய துணியுமாக, குடையை விரித்துப் பிடித்தபடி ஓர் ஓரத்தில் ஒண்டியிருந்தேன். எதிரே இருந்த மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏம்மா, கறுத்துப் போயிருவோம்னு பயமா? இருக்கிற கலருக்கு என்ன குறைச்சல்?” என்றார். அன்பாகத்தான் கேட்டார். “ஆமாம்மா” என்று சிரித்து வைத்தேன்.

எனக்கு லூபஸ். உடலின் நோய் எதிர்ப்பாற்றல் உடலையே பகையாகக் கருதித் தாக்கும் நோய். இந்நோயுள்ளோர் பலருக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் தோலில் தடிப்பை எழுப்புவதோடு நில்லாது, மூட்டுவலியையும் காய்ச்சலையும், சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பையும்கூடத் தூண்டிவிடும். இதைப் படகில் ஒரு வாக்கியத்தில் சொல்ல நம் அன்றாடத் தமிழில் சொல் இல்லை. வெயிலையும் தோலையும் சேர்த்துப் பேசும்போது நம் வாயில் வருபவை கறுத்தல், மங்குதல், வாடுதல். எல்லாம் நிறக் கவலை. ஆகவே குடை பிடித்தவள் அழகைக் காக்கிறாள் என்றே பொருளாகிறது.

படகு சென்று சேர்ந்த தீவிலோ, வெயிலுக்கு அஞ்சியே ஒரு சமூகம் 80 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. 1858 மார்ச் 10 அன்று ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் வந்திறங்கினார். (2024 முதல் அரசுப் பெயர் ஸ்ரீ விஜய புரம், பேச்சில் இன்னும் பழையதே.) விரைவில் ராஸ் தீவு தண்டனைக் குடியிருப்பின் தலைமையிடமாயிற்று. இன்று ஆலமர வேர்கள் கவ்விப் பிடித்திருக்கும் தேவாலயமும் அதிகாரி மாளிகையும் அக்காலத்தவை. அங்கிருந்த வெள்ளையர் பகலில் வெளியே வர இன்றியமையாததாகக் கருதிய பொருள் ஒன்று உண்டு: தொப்பி.

அத்தொப்பியின் பெயர் வரலாறு என் துறைக்கு நல்ல விருந்து. குளங்குட்டைகளில் வளரும் ஒரு செடியின் தண்டிலுள்ள, எடையே இல்லாத வெண்சோற்றிலிருந்து அது செய்யப்பட்டது. நாம் அதை நெட்டி என்கிறோம். தஞ்சாவூரில் கோபுரமும் சிலையும் மாலையுமாக அதைச் சீவிச் செய்யும் கலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வங்காளத்தில் அதன் பெயர் ஷோலா. ‘ஷோலா தொப்பி’ என்பதை ஆங்கிலேயரின் செவி ‘சோலார்’ என்று கேட்டது. செடியின் பெயர் சூரியனின் பெயராயிற்று. மொழியியலில் இதனை நாட்டார் சொற்பிறப்பு என்பர். ஆயினும் இப்பிழை வெறும் செவிப்பிழை அன்று. சூரியனே தங்களைக் கொல்கிறது என்று நம்பியவர்களின் செவிக்குத்தான் அவ்வாறு கேட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

அந்நம்பிக்கைக்கு விஞ்ஞான உடையும் தைக்கப்பட்டது. 1905இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் சார்லஸ் உட்ரஃப், வெப்பமண்டல ஒளி வெள்ளையரின் நரம்புகளைச் சிதைக்கிறது என்று ஒரு முழு நூலே எழுதினார். கண்ணுக்குப் புலப்படாத கதிர்கள் மண்டையோட்டையும் முதுகெலும்பையும் ஊடுருவும் என்பது கருத்து. அதனால் தொப்பி போதாதென்று முதுகுக்கும் ஒரு பஞ்சுப்பட்டை. பிலிப்பைன்சில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் செம்மஞ்சள் நிற உள்ளாடை அணிவித்து ஓராண்டு சோதித்தார்கள். 1910இல் வெளியான முடிவு, பயன் ஏதுமில்லை என்பது. (சிரிக்க வேண்டாம், நானும் புற ஊதாக் கதிர் தடுக்கும் துணி என்று விளம்பரம் கண்டால் விலை பார்க்காமல் வாங்குகிறவள்.)

அதே வெயிலில் சங்கிலி பூட்டிய கால்களோடு காடு வெட்டிய கைதிகளுக்கு வெயில் ஒரு பொருட்டே அல்ல என்பது அந்நம்பிக்கையின் மறுபாதி. பழுப்புத்தோல் தானே ஒரு குடை என்று கருதப்பட்டது. தோல் நிறமி புற ஊதாக் கதிரை ஓரளவு தடுக்கிறது என்பது உண்மையே. அந்த ‘ஓரளவு’ என்னும் சொல்தான் கணக்கிலிருந்து விடுபட்டுப்போயிற்று.

இத்தீவுகளின் பழங்குடியினரையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்தமானியர் உடலில் பூசிக்கொள்ளும் வெண்களிமண்ணை ‘ஆதிகால சன்ஸ்கிரீன்’ என்று கொண்டாடும் பதிவுகளை அவ்வப்போது காண்கிறேன். வெப்பத்தைத் தணிக்கவும் அது பூசப்பட்டது என்பது உண்மை. ஆனால் 1906 முதல் 1908 வரை இங்கே களப்பணி செய்த ராட்கிளிஃப் பிரவுன் பதிந்தவற்றைப் படித்தால், அம்மண் முதன்மையாக ஒருவரின் நிலையை அறிவிக்கும் குறி என்பது விளங்கும். துக்கம் காப்பவரைச் சுட்டும் சொல்லே களிமண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஒரு மக்களின் துக்கத்தைக் களிம்புக் குப்பிக்குள் அடைக்க எனக்கு மனமில்லை.

உண்மையில் வந்தேறியவர்களைக் கொன்றது எது? விடையைத் தெற்கே நிக்கோபாரில் காணலாம். நம் தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்ட டேனியர் 1756இல் அத்தீவுகளைத் தமதென்று அறிவித்துப் ‘புதிய டென்மார்க்’ எனப் பெயரிட்டனர். குடியேற்றம் காய்ச்சலில் கரைந்தது. 1768இல் தரங்கம்பாடியிலிருந்தே சென்ற மொராவியச் சபையின் ஊழியர்கள் நன்கௌரியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தாக்குப்பிடித்து, பலரைப் புதைத்துவிட்டுத் திரும்பினர். கெட்ட காற்று, இரவுப் பனி, நண்பகல் வெயில் என்று அக்கால மருத்துவம் எத்தனையோ காரணம் கூறியது. 1868இல் டேனியர் தம் உரிமையைப் பிரிட்டனுக்கு விற்றுவிட்டு விலகினர். அதன்பின் 29 ஆண்டுகள் கழித்துத்தான், 1897இல், செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். (ராஸ் தீவின் ராஸ் இவர் அல்லர், அவர் கடல் அளவையாளர் டேனியல் ராஸ்.) அஞ்ச வேண்டியது தலைக்கு மேலே இல்லை, காதருகே ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

கொசுக்காய்ச்சலுக்கு மருந்து கொயினா. இனி வருவதுதான் இவ்வளவையும் என்னை எழுதத் தூண்டியது. 1894இல் லண்டன் மருத்துவர் பெய்ன், தோல் லூபஸுக்குக் கொயினா கொடுத்துப் பயன் கண்டதாகக் கூறினார். அது பெரிதாகப் பரவவில்லை. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றினர். உலகின் கொயினாவில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதே மாதம் 23ஆம் நாள் போர்ட் பிளேரிலும் அவர்கள் இறங்கினர். கொயினா கிடைக்காத நேசநாட்டுப் படைகளுக்கு மெபாக்ரின் என்னும் செயற்கை மருந்து தரப்பட்டது. தின்றவர்களின் தோல் மஞ்சளாயிற்று. போருக்குப் பின் 1951இல் பிரான்சிஸ் பேஜ் அதே மெபாக்ரினை லூபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்து, தடிப்புகள் அடங்கியதை லான்செட் இதழில் எழுதினார். 1955இல் அதன் வழித்தோன்றலான ஹைட்ராக்சிகுளோரோகுயின் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நான் இரவுதோறும் விழுங்குவது அதைத்தான். வெயிலைப் பழித்தவர்களைக் கொன்ற காய்ச்சலின் மருந்து, வெயில் உண்மையிலேயே தாக்கும் ஒருத்தியின் மருந்தாக வந்து சேர்ந்திருக்கிறது.

அது என்னிடம் வந்து சேரத் தாமதமானதற்கும் ஒரு சொல் வரலாறு உண்டு. 1851இல் இந்நோய்க்குப் பெயரிட்ட பிரெஞ்சு மருத்துவர் கசநாவ், ‘செம்மை’ என்னும் பொருள்தரும் சொல்லை அதில் சேர்த்தார். அவர் கண்டது வெள்ளைத் தோலில். பாடநூல்களில் கன்னத்தின் இருபுறமும் சிவந்த வண்ணத்துப்பூச்சி விரியும். என் கன்னத்தில் விரிந்தது சிவப்பன்று; சாம்பல் படிந்த ஊதா. முதலில் பார்த்த மருத்துவர் ‘மங்கு’ என்று கூறி வெளுக்கும் களிம்பு எழுதிக்கொடுத்தார். எட்டு மாதம் பூசினேன். மூட்டுகள் வீங்கிய பிறகே வேறொருவர் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். இத்தனைக்கும், ஐரோப்பிய வழியினரைவிட ஆப்பிரிக்க, ஆசிய வழியினரிடையேதான் இந்நோய் மிகுதி.

2020 மார்ச் இறுதியில் இம்மருந்து கொரோனாவைத் தடுக்கும் என்னும் நம்பிக்கை பரவியது. மருத்துவப் பணியாளர்களுக்கு அரசு ஆலோசனையே வந்தது. கடைகளில் மாத்திரை தீர்ந்தது. விமானமும் இல்லை. மாத்திரையைப் பாதியாக உடைத்து, ஒன்றுவிட்டு ஒருநாள் விழுங்கி ஏழு வாரம் ஓட்டினேன். கொரோனாவுக்கு அது பயன்படவில்லை என்று பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் காட்டின.

இத்தீவுகளில் என்னைப்போல் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘10 மணி முதல் 4 மணி வரை வெயிலில் போகாதே’ என்னும் அறிவுரை சென்னைக் கடிகாரத்துக்குரியது. நாம் இந்திய நேரத்தை வகுக்கும் தீர்க்கரேகைக்கு வெகு கிழக்கே இருக்கிறோம். போர்ட் பிளேரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 11.20க்கு, சென்னையைவிட 50 நிமிடம் முன்னதாக. ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் அது நேரே தலைக்கு மேல் நிற்கும். காலை 9 மணிக்கே குடையை விரித்துவிடுங்கள். ராஸ் தீவுக்கு நான் இப்போதெல்லாம் பிற்பகல் கடைசிப் படகில்தான் போகிறேன்.