செவிலிய மாணவர் தலைமைப் பயிற்சி

இளநிலைச் செவிலியப் படிப்பிலேயே முடிவெடுத்தல், வேலை பிரித்தல், குழுவை நடத்துதல் ஆகியவற்றைப் பழக்கும் கல்விக் கூறு. இந்தியாவில் செவிலியப் பட்டப்படிப்பு 1946இல் டெல்லியிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கியது. மாணவர் செவிலியர் சங்கமோ அதற்கும் மூத்தது, 1929இல் அமைந்தது.

இந்தியச் செவிலியர் குழுமத்தின் பாடத்திட்டத்தில் மேலாண்மையும் தலைமையும் தனித்தாள்.

ஆனால் உண்மையான பயிற்சிக்களம் வார்டுதான். டியூட்டி பட்டியல் போடுவதையும், ஷிஃப்ட் மாறும்போது படுக்கை படுக்கையாக நின்று நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைப்பதையும் வார்டு சிஸ்டரின் மேற்பார்வையில் மாணவர் செய்கிறார். அறுவை முடிந்தவருக்கு ரத்த அழுத்தம் சரிந்தால், டாக்டரைத் தொலைபேசியில் அழைத்து நிலை, பின்னணி, கணிப்பு, வேண்டுகோள் என்ற வரிசையில் தயங்காமல் சொல்லவும் பழகுகிறார். இவ்வரிசை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது.