தொட்டாற்றுங் கலை: ஒரு வரலாற்று நோக்கு

விளையாடும்போது விழுந்து அழுகின்ற குழந்தையைத் தாய் வாரி எடுக்கின்றாள். அடிபட்ட இடத்தைத் தன் உள்ளங்கையால் மெல்லத் தடவுகின்றாள். மருந்தொன்றும் அவள் பூசவில்லை. ஆயினும் அழுகை தணிகின்றது. குழந்தை மீண்டும் விளையாட ஓடுகின்றது. இதனை அவளுக்கு எவரும் கற்பித்ததில்லை. மனிதன் மூலிகையின் குணத்தை அறிவதற்கு முன்னரே கையின் குணத்தை அறிந்திருந்தான் என்று கொள்வதிலே தவறில்லை.

தொட்டு ஆற்றுகின்ற இக்கலை இன்று புதிய பெயர்களோடு எம்மிடையே உலாவுகின்றது. நகரத்துத் தெருக்களிலே "மசாஜ்" என்றும் "ரெய்க்கி" என்றும் எழுதிய பலகைகளைக் காண்கின்றோம். உடலுக்கும் உள்ளத்துக்கும் நலந் தருவன என்று இரண்டையும் ஒரே மூச்சிற் கூறுவாரும் உளர். இவ்விரண்டும் ஒன்றா? எங்கிருந்து வந்தன? இவற்றால் ஆவதென்ன, ஆகாததென்ன? நோயாளி ஒருவரின் உயிரே சில வேளைகளில் இவ்வினாவிலே தங்கியிருப்பதால், இவற்றின் வரலாற்றைச் சற்று ஆராய்தல் நன்று.

எம்மவர் கண்ட தொக்கணம்

உடலைப் பிடித்தும் உருவியும் நோய் தணிக்கும் முறை எமக்குப் புதியதன்று. சித்த வைத்தியர் புறமருந்துகளை 32 ஆக வகுத்தனர். அவற்றுள் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக அதனை 9 வகைப்படுத்திக் கூறுவர். ஆயுர்வேதத்தின் பழைய நூலாகிய சரக சங்கிதையும், எண்ணெய் தேய்த்துக்கொள்வதை நோயாளிக்கு மட்டுமன்றி நலமுள்ளோர்க்கும் அன்றாட ஒழுக்கமாக விதித்துள்ளது.

எமது கிராமங்களிலே கால் சுளுக்கினால் நோவெண்ணெய் பூசி உருவிவிடுவார்கள். எலும்பு முறிந்தால் முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியாரிடம் செல்வார்கள். குழந்தை பயந்து அழுதால் பார்வை பார்ப்பிப்பார்கள். உருவுதல் உடலுக்குச் செய்வது. பார்வை பார்த்தல் மனத்துக்கு ஆறுதலாகச் செய்வது. இரண்டையும் நாடிய எம் முன்னோர் ஒன்றை மற்றொன்றென மயங்கவில்லை. முறிந்த எலும்புக்குப் பார்வை மட்டும் பார்த்துவிட்டு இருந்தாரில்லை. இவ்வேறுபாட்டை நினைவிலிருத்திக்கொண்டு யப்பான் நாட்டுக்குச் செல்வோம்.

பார்வையற்றோர் வளர்த்த கலை

சீன நாட்டிலிருந்து யப்பானுக்குச் சென்ற பழைய உருவுமுறைக்கு "அன்மா" என்று பெயர். அழுத்துதலும் தேய்த்தலும் என்பது அச்சொல்லின் பொருள். அந்நாட்டிலே இக்கலையை வளர்த்த பெருமை பெரிதும் கண்பார்வையற்றவர்களையே சாரும்.

அவர்களுள் தலைசிறந்தவர் சுகியாமா வைச்சி என்பவர். 1610இற் பிறந்த இவர் இளமையிலேயே பார்வையை இழந்தார். ஊசி வைத்தியம் கற்கச் சென்றவிடத்துக் கைத்திறன் போதாதென்று ஆசிரியராற் கைவிடப்பட்டார். மனமுடைந்த அவர் எனோசிமா என்னுந் தீவிலுள்ள குகையிலே நோன்பிருந்து வழிபட்டுத் திரும்புகையில், ஒரு கல்லிலே இடறி வீழ்ந்ததாகவும், அப்போது கையில் அகப்பட்ட பைன்மர ஊசியிலையிலிருந்து ஒரு புதிய முறை அவருக்குத் தோன்றியதாகவும் செவிவழிக் கதை கூறும். கதை எவ்வாறாயினும், மெல்லிய ஊசியைச் சிறு குழாயினூடே செலுத்தும் அம்முறை இன்றும் வழக்கிலுள்ளது. சோகன் சுனயோசியின் ஆதரவைப் பெற்ற சுகியாமா, 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பார்வையற்றோருக்கு ஊசி வைத்தியமும் அன்மாவும் முறையாகக் கற்பிக்கும் பள்ளியை நிறுவினார். பிச்சை ஏற்க வேண்டியவர்களெனக் கருதப்பட்டோர் கைத்தொழிலுடையோராயினர். இரவு வேளையிலே சிறு குழலை ஊதிக்கொண்டு கோலூன்றித் தெருவில் வரும் அன்மாக்காரரின் உருவம் யப்பானிய ஓவியங்களிலும் கதைகளிலும் நிலைத்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர், நாட்டை ஆண்ட நேச நாட்டுப் படையதிகாரிகள் இத்தொழில்களைத் தடைசெய்ய முற்பட்டனர். பார்வையற்றோர் அதனை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். ஈற்றில் 1947ஆம் ஆண்டு சட்டமொன்று நிறைவேறியது. கற்றுத் தேறி உரிமம் பெற்றவரே இத்தொழிலைச் செய்யலாம் என்ற ஒழுங்கு நிலைபெற்றது.

ஐரோப்பாவில்

மேனாட்டு மசாசை "சுவீடன் முறை" என்று வழங்குவர். சுவீடன் நாட்டினராகிய பேர் ஹென்றிக் லிங் (1776–1839) அதன் தந்தை என்றும் சொல்லுவர். அவர் 1813இல் ஸ்டொக்ஹோம் நகரிலே உடற்பயிற்சிக் கழகமொன்றை நிறுவியது மெய். ஆனால் அவர் தந்தது உடலசைவுப் பயிற்சியே. தடவல், பிசைதல், தட்டல் முதலாக இன்று மசாசு செய்வோர் கைக்கொள்ளும் பிரிவுகளை ஒழுங்குபடுத்திய பெருமையை ஒல்லாந்து தேசத்து மருத்துவர் மெஸ்கர் (1838–1909) என்பாருக்கே வரலாற்றாசிரியர் பலரும் அளிக்கின்றனர். ஒருவர் செய்ததை மற்றொருவர் பெயரில் ஏற்றிவைப்பது இக்கலையின் வரலாற்றிலே அடிக்கடி நிகழ்ந்துள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரில் மசாசு என்னும் பெயருக்கு இழுக்கு நேர்ந்தது. அப்பெயரால் நடந்த நிலையங்கள் சில ஒழுக்கக்கேட்டின் உறைவிடங்களாயிருந்ததை 1894இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை வெளிப்படுத்தியது. அவ்வாண்டிலேயே லூசி ரொபின்சன், ரோசலின்ட் பஜெட், எலிசபெத் மான்லி, மார்கரெட் பால்மர் என்னும் நான்கு பெண்மணிகள் பயிற்சி பெற்ற மசாசுப் பெண்களின் சங்கத்தைத் தொடங்கினர். இவர்கள் தாதியராயும் மருத்துவிச்சியராயும் பணிபுரிந்தவர்கள். பரீட்சையில் தேறுதல் வேண்டும். மருத்துவர் பணித்தாலன்றி நோயாளிக்குச் செய்தலாகாது என்பன போன்ற விதிகளைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டனர். முதலாம் உலகப் போரிலே காயமுற்ற வீரர் பலருக்கு அத்துறையினர் தொண்டு செய்தனர். 1920இல் அச்சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது. 1944இல் அதன் பெயர் இயன்மருத்துவச் சங்கம் என மாறிற்று. இன்று எமது வைத்தியசாலைகளிலே பாரிசவாதத்தால் வாடுவோரை நடக்கப் பழக்கும் இயன்மருத்துவத் துறையின் வேர்களுள் ஒன்று அந்நால்வர் வகுத்த ஒழுங்கிலே கிடக்கின்றது.

கல் கூறும் வரலாறு

இனி ரெய்க்கியை நோக்குவோம். "ரெய்" என்பது ஆவி, தெய்விகம் என்னும் பொருளையும், "கி" என்பது உயிராற்றல் என்னும் பொருளையும் தரும். உருவுதலும் பிசைதலும் இதில் இல்லை. கையை மெல்ல வைத்தோ சற்று மேலே நிறுத்தியோ உயிராற்றலைச் செலுத்துவதாகக் கூறுவர்.

இதனைத் தோற்றுவித்தவர் உசுயி மிக்காவோ. அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1927இல், டோக்கியோவிலுள்ள சைஹோஜி என்னும் ஆலயத்தின் இடுகாட்டிலே மாணாக்கர் ஒரு நினைவுக்கல்லை நாட்டினர். அவர் வரலாற்றுக்குச் சிறந்த சான்று அதுவே. 1865இல் கிபு மாகாணத்திலே அவர் பிறந்தார். அறிவும் முயற்சியும் இருந்தும் வாழ்க்கையிற் பலமுறை இடர்ப்பட்டார். கியோத்தோவுக்கு அண்மையிலுள்ள குராமா மலையிலே 21 நாள் உண்ணாநோன்பிருந்து தவம் செய்தபோது இம்முறை அவருக்குக் கைவந்தது. 1922 ஏப்பிரிலிலே டோக்கியோவில் ஒரு சங்கம் அமைத்துக் கற்பிக்கத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டு, 1923 செப்டெம்பர் 1ஆந் திகதி, கந்தோப் பெருநிலநடுக்கம் நிகழ்ந்தது. நிலம் அதிர்ந்தது, தீ பரந்தது, ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எங்கும் புண்பட்டோரும் புலம்புவோருமாயிருந்த அந்நகரிலே உசுயி நாள்தோறும் சென்று தம்மால் இயன்றோருக்குக் கைவைத்து ஆற்றினார் என்று கல் கூறுகின்றது. வீடிழந்து, உற்றாரை இழந்து, சாம்பலிடையே அமர்ந்திருப்பவன் தோளிலே ஒரு கை படுமானால், அந்தக் கையினூடே ஆற்றல் பாய்ந்ததா என்று அவன் கேட்டிரான். தன்னருகே ஒரு மனிதன் வந்தான் என்பதே அவனுக்குப் பேராறுதலாயிருக்கும்.

சினங்கொள்ளாமை, கவலை தவிர்த்தல், நன்றியறிதல், கடமையைச் செவ்வனே செய்தல், பிறரிடத்து அன்பாயிருத்தல் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு நாளும் அன்றைக்கென மேற்கொள்ளுமாறு அவர் மாணாக்கருக்குப் போதித்தார். 2,000 பேருக்கு மேல் அவரிடம் கற்றதாகக் கல் கூறும். 1926 மார்ச் 9ஆந் திகதி அவர் காலமானார்.

கடல் கடந்த கதை

உசுயியின் மாணாக்கருள் ஒருவர் கடற்படையிற் பணிபுரிந்த ஹயாசி சூஜிரோ. அவருடைய நிலையத்துக்கு 1935இல் நோயுற்ற பெண்ணொருவர் வந்தார். அவர் பெயர் ஹவாயோ தக்காத்தா. ஹவாய்த் தீவுகளுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்காகச் சென்ற யப்பானியப் பெற்றோருக்கு 1900இற் பிறந்தவர், கணவரை இழந்தவர். தம் நோய் நீங்கப்பெற்றதாகக் கூறிய அவர், அங்கேயே தங்கிக் கற்று, ஹவாய் மீண்டு அம்முறையைப் பரப்பினார். 1980இல் அவர் மறையுமுன் 22 பேரை ஆசான்மாராக்கினார். உலகெங்கும் பரந்த ரெய்க்கி பெரும்பாலும் அவர் வழி வந்ததே.

தக்காத்தா சொன்ன கதையிலே உசுயி ஒரு கிறித்துவப் போதகர். கியோத்தோவின் தோசிசா கல்விக்கழகத்துக்குத் தலைவர். அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் கற்றவர். பிற்காலத்தார் வினவியபோது அவ்விரு நிலையங்களின் ஏடுகளிலும் உசுயியின் பெயர் காணப்படவில்லை. நினைவுக்கல்லும் அவ்வாறு கூறவில்லை. 1941இல் யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியபின் அமெரிக்க மண்ணிலே யப்பானியர் வெறுக்கப்பட்ட காலத்தை நினைப்போர், அக்கதை ஏன் அவ்வாறு வளர்ந்தது என்பதை ஒருவாறு ஊகிக்கலாம். அவரைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. சொன்னவர் பெரியவர் என்பதனால் மட்டும் சொன்னது வரலாறாகிவிடாது என்பதே இங்கு நாம் கொள்ளவேண்டிய பாடம். தொட்டுப் பார்க்கக்கூடிய கல் ஒன்று நின்றபோதிலும், பல்லாண்டுகள் உலகம் கதையையே நம்பியிருந்தது!

சோதனையின் முன்னே

வரலாற்றுக்குக் கல் சான்றானால், வைத்தியத்துக்குச் சோதனையே சான்று.

மசாசைப் பற்றிய சோதனைகள் பல. 1986இல் அமெரிக்காவின் மயாமி நகரிலே டிபனி பீல்ட் என்னும் அம்மையாரும் துணைவரும் குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்தனர். நாளொன்றுக்கு மும்முறை, முறைக்கு 15 நிமிடமாக, 10 நாட்கள் மெல்ல உருவப்பட்ட குழந்தைகளின் நிறை, உருவப்படாதவற்றிலும் 47 வீதம் மிகுதியாகக் கூடிற்று. வளர்ந்தோரிடத்தும் முதுகு நோவு, தசைப்பிடிப்பு, மனப்பதற்றம் ஆகியன மசாசினாற் சில காலம் தணிவதுண்டு. தணிவு நெடுங்காலம் நிலைப்பது அரிது.

உயிராற்றலைக் கையால் உணரலாம் என்பதையும் சோதித்தனர். ரெய்க்கியை ஒத்த ஒரு முறையைக் கையாண்ட 21 பேரை, அமெரிக்கப் பள்ளிச் சிறுமி ஒருத்தி திரையொன்றின் பின்னே கைகளை நீட்டச் செய்தாள். தன் கை அவர்களுடைய எந்தக் கைக்கு மேலே இருக்கின்றது என்று மட்டும் கேட்டாள். 280 முறை கேட்டதில் 123 முறையே சரியான விடை வந்தது. காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் 140 முறையளவிற் சரியாக இருந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை இதனை வெளியிட்டது. பின்னர், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ரெய்க்கி உதவுமா என 2015இல் ஆராய்ந்த கொக்ரேன் அமைப்பினர், தகுதியான ஆய்வுகள் 3 மட்டுமே கண்டு, உதவும் என்று கூறப் போதிய சான்றில்லை என முடிவு கூறினர்.

அங்ஙனமாயின் ரெய்க்கியால் ஆறுதல் பெற்றேன் என்பவர் பொய் கூறுகின்றாரா? இல்லை. அமைதியான அறை, அவசரமின்றி ஒரு மணி நேரம் அருகிருக்கும் ஒருவர், கனிவான கை. இவை தம்மளவிலேயே உள்ளத்தை ஆற்றவல்லன. அந்த ஆறுதல் மெய்; அதற்குக் கூறப்படும் காரணமே ஐயத்துக்குரியது. ஆறுதலை நோய்தீர்த்தல் என்று மயங்கும்போதுதான் கேடு விளைகின்றது. மார்பிலே கட்டி வளர்வதைக் கண்டும் வைத்தியசாலைக்குச் செல்லாது கைவைப்பாரை நாடிக் காலங்கடத்துதல், நீரிழிவுக்குரிய மருந்தை நிறுத்துதல் போன்றன உயிரோடு விளையாடுவதாகும். உருவுதலுக்கும் எல்லையுண்டு. முறிந்த இடத்தையும், குருதி உறைந்து வீங்கிய காலையும், காரணந் தெரியாத வீக்கத்தையும் உருவுதல் ஆகாது.

முடிவாக

சுகியாமா தம் மாணாக்கருக்குப் பள்ளி அமைத்தார். இலண்டன் பெண்மணிகள் நால்வர் தம் கைகளுக்குத் தாமே விதி வகுத்தனர். தன் எல்லையை அறிந்த கை மதிப்புப் பெற்றது. வைத்தியசாலையின் வாயிலும் அதற்குத் திறந்தது.

இளைஞர்களாகிய எமக்கு இதில் ஒரு கடமை உண்டு. எம்முடைய வீடுகளிலே பாட்டனாரும் பாட்டியாரும் கால் உளைவால் இரவிலே உறங்காதிருக்கின்றனர். பிள்ளைகள் பிறநாடுகளிலிருக்க, நாட்கணக்கில் எவருடைய கையும் படாத முதியோர் எம் அயலிலே உளர். அவர்கள் காலைச் சற்றுப் பிடித்துவிடப் பட்டமும் வேண்டா; பணமும் வேண்டா. மாலையிலே அரை மணி நேரம் அவர்களருகே அமர்வோம். கால் ஏன் வீங்கியிருக்கின்றது என்று உற்று நோக்குவோம். வேண்டுமாயின் மறுநாட் காலையிலே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வோம். ஆற்றுகின்ற கையே வழிநடத்துகின்ற கையுமாக இருக்கட்டும்.