தூள் தேயிலைப் பெண்களும் ஏறிக்கொண்டே போன விலையும்

'டீமன் ஸ்லேயர்' பார்த்த ஆக்களுக்கு யோஷிவராவைத் தெரிஞ்சிருக்கும். பொடியள் பொம்பிளை வேசம் போட்டுக்கொண்டு உள்ள போற அந்த விளக்குத் தெரு. அது கற்பனை இடம் இல்லை. 1618இல் எடோ நகரத்தில், அதாவது இண்டைய டோக்கியோவில், அரசாங்க அனுமதியோடு திறக்கப்பட்ட பாலியல் தொழில் வட்டாரம். 1657இன் பெருந்தீக்குப் பிறகு அசகுசாவுக்குப் பின்புறம் கொண்டுபோய் வைத்தார்கள். சுத்திவர அகழி, போகவர ஒரு பெரிய வாசல்.

இந்த இடத்தைப் பற்றி ஆம்பிளையள் ஒரு புலம்பலைத் தலைமுறை தலைமுறையாகப் புலம்பியிருக்கிறார்கள். 'விலை ஏறிப்போச்சு, தரம் இறங்கிப்போச்சு, அந்தக் காலம் மாதிரி இல்லை.' புலம்பலில் உண்மை இல்லாமலும் இல்லை.

தொடக்கத்தில் மேல்தட்டில் இருந்தவர்கள் 'தாயூ'. பாட்டு, கவிதை, தேநீர்ச் சடங்கு எல்லாம் பயின்றவர்கள். பிடிக்காத வாடிக்கையாளரை வேண்டாம் எண்டு சொல்லுற உரிமையும் அவர்களுக்கு ஓரளவு இருந்தது. 1668இல் நகரத்தில் அனுமதியில்லாமல் தொழில் செய்த பெண்களை அதிகாரிகள் சுற்றிவளைத்துப் பிடித்து, நூற்றுக்கணக்கில் யோஷிவராவுக்குள் தள்ளினார்கள். இவர்களுக்கு வந்த பெயர் 'சஞ்சா', தூள் தேயிலை. இலைத் தேயிலையைச் சாயம் இறங்கக் குலுக்க வேணும், தூளுக்குத் தேவையில்லை. யப்பானிய மொழியில் குலுக்குறதுக்கும் ஆளை மறுக்குறதுக்கும் ஒரே சொல். 'மறுக்காத பெண்' எண்டதுதான் பகிடி. ஒரு பெண்ணின் 'இல்லை'யை அவளிட்டயிருந்து பறிச்சுப்போட்டு அதை வைத்தே சிரித்திருக்கிறார்கள்.

சஞ்சா மலிவு. தாயூவைக் கூப்பிடுற வசதி உள்ள பிரபுக்களும் குறைந்துகொண்டே போனார்கள். 1760கள் அளவில் தாயூ என்ற தரமே இல்லாமல் போனது. பிறகு சஞ்சாவில் இருந்து கிளைத்தவர்களே மேல்தட்டு ஆனார்கள். ஒய்ரான் எண்டு நாங்கள் படங்களில் பார்க்கிறது அவர்களைத்தான். விலையும் கூடவே ஏறியது. அதிலும் ஆக உயர்ந்த தரத்துக்கு ஒரு ரியோவும் ஒரு பூவும், அதாவது ஒண்டேகால் ரியோ. ஒரு ரியோவுக்கு ஏறத்தாழ ஓராள் ஒரு வருசம் சாப்பிடுற அரிசி வாங்கலாம். இதுக்கு மேல தேநீர் விடுதிக்கும் எடுபிடி ஆக்களுக்கும் சந்தோசக் காசு வேற. இந்த விலைகளை வீடு, பெயர், தரம் எண்டு அச்சிட்ட வழிகாட்டிப் புத்தகங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. 1780களில் அவற்றின் வெளியீடு சுதயா ஜூசபுரோவின் கையில் இருந்தது. உத்தமரோவின் ஓவியங்களைப் பதிப்பித்த அதே ஆள்தான்.

ஏறின காசு யாருக்குப் போனது? புலம்பினவர்கள் இதைக் கேட்கேல்லை.

'மொன்பி' எண்டு விசேச நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் கட்டணம் இரட்டிப்பு. அண்டைக்கு ஒரு வாடிக்கையாளரைக் கட்டாயம் பிடிக்க வேணும். கிடைக்காட்டி அந்தக் கட்டணத்தைப் பெண்ணே கட்ட வேணும், அது அவளுடைய கடனோடு சேரும். ஏழைப் பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு சின்ன வயசிலேயே விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் இவர்கள். ஒப்பந்தம் வழமையாகப் பத்து வருசம். ஆனா உடுப்பு, படுக்கை, உதவிக்கு நிக்கிற சிறுமிகளின் செலவு எல்லாம் அவள் தலையில். விலைப்பட்டியல் ஏற ஏறக் கடனும் ஏறியது.

1849இல் உமெமோதோயா என்ற வீட்டில் பதினாறு பெண்கள் சேர்ந்து தீ வைத்துவிட்டுத் தாங்களாகவே போய்ச் சரணடைந்தார்கள். முதலாளியின் கொடுமையை வெளியில் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த வழி அதுதான். எடோவில் தீ வைப்புக்குத் தண்டனை உயிரோடு எரிப்பது எண்டு தெரிஞ்சும்தான் செய்தார்கள். அவர்களில் சிலர் எழுதின நாட்குறிப்புகளும் விசாரணையில் சாட்சியாகின. யோஷிவராவைப் பற்றி ஆம்பிளையள் எழுதின அத்தனை ரசனைப் புத்தகங்களையும்விட எனக்கு அந்த நாட்குறிப்புகள் பெரிசு.

1872இல் அரசு விடுதலை ஆணை பிறப்பித்தது. கடனைத் தள்ளுபடி செய்ய அதிகாரிகள் சொன்ன நியாயத்தைக் கேளுங்கோ: இந்தப் பெண்கள் மாடு, குதிரை மாதிரி மனித உரிமை இழந்தவர்கள், மாட்டிட்டயும் குதிரையிட்டயும் ஆரும் கடன் கேட்க ஏலாது. கொஞ்ச நாளில் அதே வீடுகள் 'அறை வாடகை' என்ற பெயரில் திரும்பத் திறந்தன. இப்ப அந்தப் பெண்கள் வாடகைக்கு இருக்கிறவர்கள், முன்பணக் கடன் பழையபடி. பாலியல் தொழிலைத் தடுக்கிற சட்டம் முழுசாக நடைமுறைக்கு வந்து யோஷிவரா மூடப்பட்டது 1958இல்.