கோடை ஏரியில் கெண்டை எப்படி வந்தது?

மார்கழிக் குளிரில் கோடைக்கானல் ஏரியில் தூண்டில் போட்டால் கெண்டை லேசில் கடிக்காது. தண்ணீர் குளிரக் குளிர அதன் உடம்பும் குளிரும்; செரிமானம் மந்தமாகி பசி குறைந்துவிடும். எனக்கு அதைவிட சுவாரசியமான கேள்வி, அந்த மீன் அங்கே ஏன் இருக்கிறது என்பதுதான்.

முதலில், ஏரியே இயற்கை கிடையாது. மதுரை கலெக்டர் வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைநீரைத் தடுத்து உருவாக்கியது. அதே காலத்தில், நீலகிரியில் தங்கள் ஊர் ட்ரௌட் மீனை வளர்க்க வெள்ளைக்காரர்களுக்கு ஆசை. மீன் ஆய்வாளரான டாக்டர் ஃபிரான்சிஸ் டே 1860-களில் முயன்றார், பலிக்கவில்லை. 1907 வாக்கில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் அது நிலைத்தது.

ட்ரௌட் கெண்டைக்கு நேர்மாறு. குளிர்காலத்தில்தான் முட்டையிடும், அதுவும் ஓடும் நீரில், சரளைக்கற்களைத் தோண்டி. ஓடை கிடைத்தால் சரி, தேங்கிய ஏரியில் வம்சம் பெருகாது. நம்ம மலை ஏரிகள் பெரும்பாலும் தேங்கிய நீர்தானே!

அந்த இடத்தைப் பிடித்தது ஜெர்மன் வகைக் கெண்டை. 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்து, அங்கிருந்து மற்ற மலை நீர்நிலைகளுக்கும் போனது. அதன் முட்டை பசை மாதிரி. நீர்ச்செடியில் ஒட்டிக்கொண்டால் போதும். மீன் உற்பத்தி என்று பார்த்தால் வெற்றிதான். ஆனால் இரை தேடிச் சேற்றைக் கிளறி, தண்ணீரைக் கலக்கி, செடிகளையும் வேரோடு பிடுங்கிவிடும். என் கணக்கில் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.